மன வரைபடமும் பாய்வுப் படமும்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும், வீட்டில் டியூஷன் எடுப்பவர்களும், வீட்டு விசேஷங்களை எடுத்துக் கட்டி நடத்துபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது: படத்தை யார் வரைகிறாரோ அவர்தான் கற்றுக்கொள்கிறார். ஆசிரியர் வரைந்து சுவரில் ஒட்டிய படம் ஆசிரியருக்கே பாடமாகிறது.

மன வரைபடம், பாய்வுப் படம், கருத்து வரைபடம் என்று மூன்று சொல்கிறார்களே, எதை எப்போது எடுப்பது?

உங்கள் மனதில் இருக்கும் கேள்வி எதுவென்று பாருங்கள். "இதில் என்னென்ன இருக்கின்றன?" என்றால் மன வரைபடம்: நடுவில் தலைப்பு, சுற்றிலும் கிளைகள். "அடுத்து என்ன செய்யணும்?" என்றால் பாய்வுப் படம்: படிகளை அம்புகளால் வரிசையாக இணைப்பது. "ஏன் இப்படி ஆயிற்று?" என்றால் கருத்து வரைபடம்: பெட்டிகளைச் சொல் எழுதிய கோடுகளால் இணைப்பது.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகம் பிரிந்திருக்கும் ஒன்பது கோயில்கள் மன வரைபடத்துக்கு அளவெடுத்துத் தைத்த பொருள். நடுவில் தலைப்பு, சுற்றிலும் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. இளையாத்தங்குடி, மாத்தூர் போன்றவற்றுக்கு உட்பிரிவுகள் உண்டு. அவை அடுத்த கிளைகளாகப் பிரியும். ஒரு கோயிலின் உட்பிரிவு இன்னொரு கோயிலுக்குள் வராது. கிளைகள் இப்படிக் குறுக்கே கலக்காத பொருள் என்றால் மன வரைபடம் தாங்கும். கலக்க ஆரம்பித்தால் தாங்காது. இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இவை எங்கிருந்து வந்தவை?

மூன்றுக்கும் வேறு வேறு பூர்வீகம். பாய்வுப் படம் தொழிற்சாலையில் பிறந்தது. ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் வேலைப் படிகளை வரைந்து காட்டும் முறையை முன்வைத்தார்கள். கணினி நிரல் எழுதுகிறவர்கள் அதைப் பிறகு எடுத்துக்கொண்டார்கள். குறியீடுகளுக்கு 1985இல் ஐஎஸ்ஓ 5807 என்ற உலகத் தரம் வந்தது. கருத்து வரைபடத்தை 1972 வாக்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர் உருவாக்கினார்கள். பிள்ளைகளின் அறிவியல் புரிதல் எப்படி மாறுகிறது என்று பார்க்க அவர்களுக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. மன வரைபடத்தை 1970களில் பரப்பியவர் இங்கிலாந்துக்காரர் டோனி புசான். நம் பள்ளிகளில் படைப்பாற்றல் கல்வி முறை அதை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வழக்கமாக்கியது. அதனால்தான் எந்தப் பாடம் வந்தாலும் நம் கை முதலில் மன வரைபடத்துக்கே போகிறது.

காகிதத்திலேயே போடலாமே, கணினி எதற்கு?

முதல் பத்து நிமிடம் காகிதம்தான் நல்லது. எண்ணம் ஓடும்போது எழுத்துரு தேடிக்கொண்டு உட்காரக் கூடாது.

அதற்குப் பிறகு கணினி மூன்று வேலை செய்கிறது. ஒரு கிளையைப் பிடித்து இழுத்து வேறு இடத்தில் ஒட்டலாம். நாற்பது பேர் தனித்தனியாகச் சொன்னதை ஒரே படத்தில் சேர்க்கலாம். மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: கிளைகளை மடிக்கலாம். ஃப்ரீபிளேன் என்ற மன வரைபடச் செயலியில் ஸ்பேஸ் விசையை அழுத்தினால் ஒரு கிளைக்குள் இருப்பதெல்லாம் மறைந்து தலைப்பு மட்டும் நிற்கும். எல்லாக் கிளைகளையும் மடித்துத் திரையில் போடுங்கள். "நேமத்துக்கு அடுத்து எந்தக் கோயில்? இந்தக் கிளைக்குள் என்ன இருந்தது?" என்று கேளுங்கள். பிள்ளைகள் சொன்ன பிறகு திறந்து காட்டுங்கள். காகிதத்தில் இந்த வித்தை வராது.

எந்தச் செயலியை எடுப்பது? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

வேண்டாம். பாய்வுப் படத்துக்கு டிரா.ஐஓ போதும், இலவசம், கணக்குத் தொடங்காமலே உலாவியில் திறக்கும், கணினியில் நிறுவினால் இணையம் இல்லாமலும் ஓடும். மன வரைபடத்துக்கு ஃப்ரீபிளேன், அதுவும் இலவசம். டேப் விசை உட்கிளை போடும், என்டர் விசை பக்கத்துக் கிளை போடும். இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் பேச்சின் வேகத்துக்குத் தட்டலாம். எக்ஸ்மைண்ட் பார்க்க அழகு, ஆனால் இலவசப் பதிப்பில் சில வசதிகள் பூட்டியிருக்கும். கருத்து வரைபடத்துக்கென்றே நோவாக்கும் சேர்ந்து உருவாக்கிய சிமேப் டூல்ஸ் இருக்கிறது. லிப்ரே ஆபிஸ் ஏற்கெனவே கணினியில் இருந்தால் அதிலுள்ள டிராவும் அவசரத்துக்கு உதவும்.

எதை எடுத்தாலும் ஒரு நிபந்தனை: உங்கள் படத்தைப் பிடிஎஃப் ஆகவும் படக்கோப்பாகவும் வெளியே எடுக்க முடியணும். கூகுள் ஜாம்போர்டு என்ற இணைய வெண்பலகை 2024 கடைசியோடு நிறுத்தப்பட்டது. அதில் பாடங்களை வைத்திருந்தவர்கள் அதற்குள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டியிருந்தது. இணையச் சேவைக்கு ஆயுள் சொல்ல முடியாது. மூலக்கோப்பு ஒன்று, பிடிஎஃப் ஒன்று என்று இரண்டும் உங்கள் பென் டிரைவில் இருக்கட்டும்.

தமிழில் தட்டினால் எழுத்து உடைகிறது, பெட்டியை விட்டு வெளியே ஓடுகிறது. என்ன செய்வது?

முதலில் நீங்கள் தட்டுவது ஒருங்குறியா (யூனிகோடா) என்று பாருங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததை ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று அறிவித்து இத்தனை வருடம் ஆகிறது. பழைய கோப்புகளை மாற்றி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ஒருங்குறியில் தட்டியும் பிடிஎஃப்பில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அது செயலியின் குறை. எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலாவுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் படக்கோப்பாக எடுங்கள், அல்லது உலாவியில் திறந்து அச்சிடும் வழியாகப் பிடிஎஃப் ஆக்குங்கள்.

நீளம் வேறு விஷயம். தமிழ்ச் சொல் நீளமானது, பெட்டிக்குள் வாக்கியம் எழுதினால் வெளியேதான் ஓடும். பெட்டிக்குள் பெயர் மட்டும் வையுங்கள்.

கருத்து வரைபடம் போடுபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்கணும். அதில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே போகும் கோட்டின்மேல் ஒரு சொல் எழுதுவது வழக்கம். தமிழில் வினை கடைசியில் வருவதால், ஆங்கிலப் படத்தைப் பார்த்து நடுவில் வினைமுற்றை எழுதினால் வாசிக்கவே வராது. நடுவில் எச்சத்தை எழுதுங்கள். "நெல் விலை" என்ற பெட்டி, கோட்டின்மேல் "சரிந்ததால்", அடுத்த பெட்டி "கடன் திரும்பவில்லை". விரலை வைத்து இடமிருந்து வலம் போனால் வாக்கியம் தானாக வந்துவிடும். வாய்விட்டு வாசிக்க முடியாத கோட்டை அழித்து வேறு சொல் போடச் சொல்லுங்கள்.

வரலாற்றுப் பாடத்துக்கு மன வரைபடம் போட்டேன். அழகாக வந்தது, ஆனால் பிள்ளைகளுக்கு "ஏன்" என்று கேட்டால் பதில் வரவில்லை. ஏன்?

ஏன் என்பது அந்தப் படத்திலேயே இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நெருக்கமான பர்மா வியாபாரத்தையே எடுத்துக்கொள்வோம். மன வரைபடம் போட்டால் நடுவில் "பர்மாவில் நகரத்தார்", சுற்றிலும் கடன், நெல், தேக்கு, வீடுகள், போர், திரும்பி வந்தது. எல்லாம் இருக்கிறது, எதுவும் எதையும் தொடவில்லை.

இதையே கருத்து வரைபடமாகப் பாருங்கள். 1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போகிறது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்குக் கடல்வழி சுருங்கி, அரிசிக்கான தேவை ஏறுகிறது. காட்டை வெட்டி வயலாக்க விவசாயிக்கு முதல் வேண்டும். அந்த முதலை நகரத்தார் வட்டிக்கடைகள் கொடுக்கின்றன. வந்த லாபம் பர்மா தேக்காக மாறி நம் வீடுகளின் தூண்களாகவும் நிலைகளாகவும் நிற்கிறது. 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்ததால் கடன் திரும்பவில்லை. கடன் திரும்பாததால் அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வருகிறது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் பெயரில் இருந்தது. நிலம் கைமாறியதால் பர்மியரிடையே மனக்கசப்பு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது நிலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வர முடியாது. 1948க்குப் பிறகு நிலம் நாட்டுடைமை, 1963இல் வங்கிகளும் நாட்டுடைமை.

இங்கே ஒவ்வொரு கோடும் ஒரு காரணம். "நிலம்" என்ற ஒரே பெட்டிக்குள் மூன்று கோடுகள் வந்து சேரும், அதிலிருந்து இரண்டு வெளியே போகும். மன வரைபடத்தின் மர வடிவத்தில் ஒரு பெட்டிக்கு ஒரே தாய்தான் இருக்க முடியும். வரலாறு அப்படி நடப்பதில்லை.

வகுப்பில் செய்யும் விதம்: பெட்டிகளை மட்டும் நீங்கள் கொடுங்கள். கோடும் கோட்டின்மேல் சொல்லும் பிள்ளைகளுடையது. 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் தொடங்கியது. அதையும் ஒரு பெட்டியாகக் கொடுத்து, எங்கே இணைப்பீர்கள் என்று கேளுங்கள். குழுவுக்குக் குழு வேறு கோடு வரும். வாக்குவாதம் நடக்கட்டும், பாடம் அங்கேதான் நடக்கிறது.

மாணவி அருமையாக வரைகிறாள், வண்ணம் தீட்டுகிறாள். தேர்வில் எழுத வரவில்லை.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரைகிறாளா, மூடி வைத்தா? பெரும்பாலும் திறந்து வைத்துத்தான். அப்போது நடப்பது நகலெடுப்பு.

பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்பிக்கி, ஜேனல் பிளண்ட் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. ஒரு சாரார் அறிவியல் பகுதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தார்கள். இன்னொரு சாரார் படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் நினைவிலிருந்து எழுதியவர்களே மேலே நின்றார்கள். தேர்வே கருத்து வரைபடம் வரைவதாக இருந்தபோதும் அப்படித்தான்.

படம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மூடி வைத்துப் படம் வரையலாமே! என் வகுப்புகளில் சொல்லும் வரிசை இது: படி, மூடு, வரை, திற, விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேர். அந்த வேறு நிறம்தான் மறுநாள் படிக்க வேண்டியது. வீட்டில் பார்க்கும் பெற்றோருக்கும் எளிது. நிறத்தைப் பார்த்தே பிள்ளைக்கு எது தங்கவில்லை என்று தெரிந்துவிடும்.

பாய்வுப் படத்தை அறிவியல், கணினிப் பாடம் தவிர வேறெதில் பயன்படுத்தலாம்?

கைத்தொழிலில். பிள்ளைகளை ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போய் ஒரு தரைக்கல் பட்டறையில் உட்கார வையுங்கள். திரும்பி வந்து வரையச் சொன்னால் இப்படி வரைவார்கள்: கண்ணாடியைத் துடை, சட்டத்துக்குள் வை, பூ அச்சை வை, வண்ணக் கலவையை ஒவ்வொரு அறையிலும் ஊற்று, அச்சைத் தூக்கு, காய்ந்த சிமெண்டு மணலைத் தூவு, மேலே ஈரக் கலவையை நிரப்பி அமுக்கு, காயவை, தண்ணீர்த் தொட்டியில் ஊறவை, வெயிலில் வை, கண்ணாடியைக் கழற்று. சூளை கிடையாது, மெருகு கிடையாது. அந்த வழவழப்பு கண்ணாடியின் முகம் பட்டு வந்தது.

செவ்வகத்துக்குக் கீழே செவ்வகமாக ஒரே நேர்க்கோடு. தப்பில்லை, ஆனால் இது வெறும் பட்டியல். பாய்வுப் படத்தின் உயிர் சாய்சதுரத்தில் இருக்கிறது: ஆமா, இல்லை என்று வழி பிரியும் இடம். ஆகவே இரண்டாவது முறை போகும்போது கேள்வியை மாற்றச் சொல்லுங்கள். "அடுத்து என்ன செய்வீங்க?" என்று கேட்டால் செவ்வகம் கிடைக்கும். "இது சரியா வந்திருக்குன்னு எதை வச்சுச் சொல்றீங்கண்ணே? சரியில்லன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டால் சாய்சதுரம் கிடைக்கும். கலவை எவ்வளவு தண்ணியாக இருக்கலாம்? அச்சைத் தூக்கும்போது ஒரு நிறம் இன்னொன்றில் கலந்துவிட்டால்? வழித்துத் துடைத்து முதல் படிக்கே போகணும். படத்தில் ஒரு அம்பு மேலே திரும்புகிறது. மழை நாளில் வெயில் படி என்னாகும்?

அந்தத் தொழிலாளி பல வருடமாகக் கையில் வைத்திருக்கும் அறிவு முழுவதும் இந்தச் சாய்சதுரங்களில்தான் இருக்கிறது. செவ்வகங்களை யார் வேண்டுமானாலும் வேடிக்கை பார்த்து எழுதிவிடலாம். கண்டாங்கிச் சேலை நெசவு, பலகாரம் சுடுவது, சுண்ணாம்புப் பூச்சு என்று எதை எடுத்தாலும் இப்படித்தான். பிள்ளைகள் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து சரியான கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

குறியீடுகளை எல்லாம் மனப்பாடம் செய்யணுமா?

நான்கு போதும். தொடக்கம், முடிவுக்கு நீள்வட்டம், செயலுக்குச் செவ்வகம், முடிவெடுக்கும் இடத்துக்குச் சாய்சதுரம், உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இணைகரம். சாய்சதுரத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு அம்பிலும் ஆமா, இல்லை என்று எழுதியிருக்கணும்.

வீட்டுக் கல்யாணத்துக்குத் திட்டம் போட எது உதவும்?

இரண்டும், ஆனால் வரிசையாக. முதலில் மன வரைபடம். ஆச்சிமார் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இளையவர் ஒருவர் மடிக்கணினியில் தட்டிக்கொண்டே வரட்டும். கோயில், அழைப்பு, சமையல், சாமான் பரப்புவது, வேவு (உறவினர் கொண்டுவரும் சீர்), மாமக்காரர் (தாய்மாமன்) முறை, வெளியூரிலிருந்து வருபவர்கள். எது முதலில், எது பிறகு என்ற பேச்சே இப்போது வேண்டாம். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான்.

பிறகு ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் வேலைகளை மட்டும் பாய்வுப் படத்துக்கு எடுங்கள். கோயிலுக்குச் சொல்லி மாலை வாங்கி வருவது அப்படிப்பட்டது. அடைத்துக் கிடக்கும் வீடு இன்னொன்று. குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். பெரிய வீடு பூட்டியே கிடக்கும். வீட்டைத் திறந்து ஒட்டடை அடித்தாயிற்று, மோட்டார் ஓடுகிறதா? ஓடினால் அடுத்த படி. ஓடாவிட்டால் ஆள் கூப்பிடணும். அப்படியும் சரியாகாவிட்டால் வருபவர்களைத் தங்கவைக்க வெளியே அறை எடுக்கணும். எந்தத் தேதிக்குள்? சாய்சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தேதியும் ஒரு பெயரும் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் "பார்த்துக்கலாம்" என்று நாள் ஓடிவிடும்.

டிரா.ஐஓவில் படத்தைக் குறுக்கு வரிசைகளாகப் பிரிக்கலாம். பெண் வீடு ஒரு வரிசை, மாப்பிள்ளை வீடு ஒரு வரிசை, சமையல்காரர் ஒரு வரிசை. ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் அம்புகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் யாரோ யாருக்கோ சொல்லியாக வேண்டிய சேதி. கல்யாண வீட்டில் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் இந்த அம்புகளில் ஒன்று விட்டுப்போய்த்தான்.

குடும்பக் கொடிவழியை மன வரைபடச் செயலியில் போடலாமா?

தாத்தாவிலிருந்து பேரன் வரை ஒரு வழியாக இறங்கும் வரைக்கும் போடலாம். பிள்ளை கூட்டிய (தத்தெடுத்த) இடம் வந்ததும் சிக்கும். அவருக்குப் பிறந்த வீட்டிலிருந்தும் ஒரு கோடு, கூட்டிய வீட்டிலிருந்தும் ஒரு கோடு வேண்டும். மன வரைபடம் ஒன்றைத்தான் அனுமதிக்கும். மாமன் மகளைக் கட்டிய இடத்திலும் இதே சிக்கல். டிரா.ஐஓவில் தனித்தனிப் பெட்டியாகப் போட்டு இணையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். இதில் தாமதம் கூடாது.

ஏஐயிடம் சொன்னால் ஒரு நொடியில் படம் போட்டுத் தருகிறதே?

தருகிறது. மெர்மெய்ட் என்ற எழுத்துவழி முறையில் எழுதித் தரச் சொன்னால், அதை டிரா.ஐஓவுக்குள் கொண்டுவந்து திருத்தவும் முடியும். நிர்வாக வேலைக்கு, ஆண்டுவிழா ஏற்பாட்டுக்கு, தாராளமாகப் பயன்படுத்துங்கள். உள்ளூர் விஷயமென்றால் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒன்பது கோயிலில் ஒன்றை விட்டுவிட்டு வேறொரு கோயிலை நம்பிக்கையோடு நுழைத்துவிடும்.

படிக்கிற பிள்ளைக்கு மட்டும் முடிந்த படமாகக் கொடுக்காதீர்கள். வேண்டுமானால் வேண்டுமென்றே மூன்று பிழைகளோடு ஒரு படம் தயாரித்துக் கொடுத்து, கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதில் காட்டும் ஆர்வம் வேறெதிலும் பார்த்ததில்லை.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

அழகுக்குப் போடாதீர்கள். கருத்து வரைபடத்தில் வாசித்தால் பொருள் தரும் கோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். தொலைவில் இருக்கும் இரண்டு பகுதிகளை இணைக்கும் சரியான குறுக்குக் கோட்டுக்குக் கூடுதலாக. பாய்வுப் படத்தில், அந்த வேலையே தெரியாத ஒருவர் படத்தை மட்டும் பார்த்து முடிவு வரை போக முடிகிறதா என்று பாருங்கள். பக்கத்து வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு விரல் வைத்து நடக்கச் சொன்னால் எங்கே நிற்கிறது என்று இரண்டே நிமிடத்தில் தெரியும்.

நிறத்தால் மட்டும் பொருள் சொல்லும் படத்துக்கு ஒரு திருத்தம் எழுதிக் கொடுங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறியாத பிள்ளை வகுப்பில் இருக்கலாம். கோட்டின் வடிவத்தையும் மாற்றச் சொல்லுங்கள். பார்வையற்ற மாணவர் இருந்தால் கிளைகளை உள்தள்ளிய பட்டியலாக மாற்றிக் கொடுத்தால் திரைவாசிப்பான் வரிசையாக வாசிக்கும்.

எங்கள் பள்ளியில் இணையம் அடிக்கடி நிற்கிறது. கணினியும் ஒன்றுதான்.

டிரா.ஐஓவின் கணினிப் பதிப்பையும் ஃப்ரீபிளேனையும் இணையம் கிடைக்கும் இடத்தில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். நிறுவிய பிறகு இரண்டுக்கும் இணையம் தேவையில்லை. தமிழ் எழுத்துருக் கோப்பையும் கூடவே வையுங்கள். ஒரு கணினி என்றால் பிள்ளைகள் குழுவாகக் காகிதத்தில் வரையட்டும். குழுவுக்கு ஒருவர் வந்து தங்கள் கிளையைத் தட்டிவிட்டுப் போகட்டும். கடைசி ஐந்து நிமிடம் எல்லாவற்றையும் மடித்து, திறந்து, கேளுங்கள். அந்தக் கோப்பின் பெயரில் வகுப்பும் தேதியும் இருக்கட்டும். அடுத்த பாடம் அந்தப் படத்தை மடித்த நிலையில் திறப்பதிலிருந்து தொடங்கலாம்.